ஒடெஸா ப்ரூயிட் இரண்டு முறை எழுதிய விமர்சனம்

மிஸ் ஒடெஸா ப்ரூயிட் காரில் உட்கார்ந்துதான் பாட்டுக் கேட்பார். வேறெங்கும் கேட்க மாட்டார். வீட்டில் இருந்த ஆளுயர ஸ்பீக்கர் இரண்டையும் அவர் புருஷன் க்ளைட் சிகாகோவுக்கு ஓடிப்போனபோது தூக்கிக்கொண்டு போய்விட்டான். "நீ வரவேண்டாம், ஸ்பீக்கரை மட்டும் அனுப்பு" என்று அவனுக்கு ஒரு கடிதம் போட்டார். பதில் வரவில்லை. அன்றிலிருந்து கார்தான்.

மெம்ஃபிஸில் இதை யாரும் விசித்திரமாக நினைக்க மாட்டார்கள். எங்கள் ஊர் ராப் பாட்டு வளர்ந்ததே கார் டிக்கியில். டிக்கியில் கேசட்டை அடுக்கி விற்றார்கள், டிக்கியில் ஸ்பீக்கர் வைத்துக் கேட்டார்கள். ஸ்டுடியோவில் எவ்வளவு நன்றாக ஒலித்தாலும், காரில் ஒருமுறை ஓடவிட்டுப் பார்க்காமல் பாட்டு முடிந்தது என்று எந்தப் பாடகனும் சொல்லத் துணிய மாட்டான்.

லமார் அவென்யூவில் கார்களுக்கு ஸ்பீக்கர் பொருத்தும் கடை வைத்திருக்கிறேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது, நானும் அதை விட்டேன். கடைக்குள் பழைய கப்ரீஸ் கார் ஒன்று நிரந்தரமாக நிற்கிறது. எஞ்சின் போய்ப் பதினோரு வருடம். வண்டி ஓடாது, ஆனால் பாடும். அந்தக் காரின் முன்னிருக்கைதான் மிஸ் ஒடெஸாவின் அலுவலகம்.

அவருக்கு வேலை பள்ளிப் பேருந்து ஓட்டுவது. இருபத்தேழு வருடமாக ஓட்டுகிறார். காலைச் சவாரி ஒன்பதரைக்கு முடியும், மாலைச் சவாரி இரண்டு மணிக்குத் தொடங்கும். நடுவில் என் கடை. மஞ்சள் பேருந்தை எதிரே காலி மனையில் நிறுத்திவிட்டு வருவார். கையில் மெழுகுத்தாள் பொட்டலம் ஒன்று இருக்கும். பள்ளிச் சமையலறையில் வேலை செய்யும் ஜெனீவா ஹார்டவே தினமும் காலையில் பேருந்து ஜன்னல் வழியாக அதைக் கொடுப்பார். உள்ளே சூடான பன், நடுவில் காரமான இறைச்சி வட்டம். மிஸ் ஒடெஸா அதைக் காரின் டேஷ்போர்டில் வைத்து இரண்டாகப் பிய்த்து ஒரு பாதியை என் பக்கம் தள்ளுவார். கேட்கவும் மாட்டார், நான் நன்றி சொல்லவும் மாட்டேன். பதினோரு வருடப் பழக்கம்.

மிஸ் ஒடெஸா பத்திரிகையில் எழுத வந்தது தனிக் கதை. ஊரில் வாரம் ஒருமுறை இலவசமாக வரும் பத்திரிகை ஒன்று உண்டு. கடை வாசல்களில் அடுக்கி வைத்திருப்பார்கள். மூன்று தெரு தள்ளிச் செய்த பாட்டை விட்டுவிட்டு நியூயார்க் பாட்டையே புகழ்கிறீர்களே, உங்களுக்குக் காது எந்த ஊரில் இருக்கிறது என்று தொண்ணூற்றெட்டில் அதற்குக் கடிதம் எழுதினார். அப்போதிருந்த ஆசிரியர், "நீங்களே எழுதுங்களேன்" என்று பதில் போட்டார். எழுதினார். இன்றுவரை எழுதுகிறார். நட்சத்திரம் போட மாட்டார், மார்க் போட மாட்டார். எதையும் மூன்று தடவை கேட்பார். கேட்கும்போது கார்க் கண்ணாடியை ஏற்றிவிடுவார், கைப்பேசியை என் மேஜையில் வைத்துவிடுவார். பாடினவனை எழுதி முடிக்கும்வரை சந்திக்க மாட்டார். "மிஸ் ஒடெஸா மூணு தடவை கேட்டாங்க" என்பது எங்கள் பக்கத்தில் பாடுகிறவர்களுக்கு ஒரு பட்டம் மாதிரி. அவர் திட்டி எழுதினால்கூட அதை வெட்டி ஒட்டிக்கொள்கிறவர்கள் உண்டு.

போன வசந்தத்தில் லெமாயின் டப்ஸ் ஒரு ஆல்பம் போட்டான். ஆரஞ்ச் மவுண்ட் பகுதிப் பையன், முப்பத்தொரு வயது, சரக்குக் கிடங்கில் பெட்டி ஏற்றும் வேலை. மூன்று வருடம் செய்த ஆல்பம். பெயர் "பச்சைப் புள்ளி." கைப்பேசிக்குள்ளேயே பிழைக்கிற எங்கள் பிள்ளைகளைப் பற்றியது. யாருக்கு எத்தனை பேர் பின்னால் வருகிறார்கள், யார் யாரைப் பதிவுக்குக் கீழே வந்து திட்டினார்கள், அடிதடியை விலக்காமல் படம் பிடித்தது யார், எல்லாம் அதில் உண்டு. பதினேழு பாட்டு, ஒரு மணி நேரம். அட்டை கிடையாது, தாள் கிடையாது, பாட்டுகளின் பட்டியல்கூட அச்சில் கிடையாது. இணையத்தைப் பற்றியது இணையத்தில் மட்டும்தான் இருக்கும் என்று பிடிவாதமாக இருந்தான்.

மிஸ் ஒடெஸாவோ இணையத்தில் கேட்க மாட்டேன் என்று பிடிவாதம்.

"ரூஃபஸ், அந்தப் பையன்கிட்ட வாங்கி அந்தக் குச்சியில ஏத்திக் குடு."

"குச்சி இல்ல மிஸ் ஒடெஸா, அதுக்குப் பேரு பென்டிரைவ்."

"பேரு வச்சா குச்சி குச்சி இல்லாம போயிடுமா?"

லெமாயின் பதினேழு பாட்டையும் எண் போட்டு அனுப்பினான். அன்று மூன்று வண்டி காத்திருந்தது. அவசரமாக ஏற்றி, கப்ரீஸில் சொருகிவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். அந்தக் காரில் பாட்டு ஓட்டும் டெக்கின் சின்னத் திரை எரிந்துபோய் ஒரு வருடம் இருக்கும். எத்தனையாவது பாட்டு ஓடுகிறது என்று அதில் தெரியாது. மாற்ற வேண்டும், மாற்ற வேண்டும் என்று வைத்திருந்தேன்.

திங்கள், செவ்வாய், புதன் என்று மூன்று நாள் கேட்டார். புதனன்று வெளியே வந்தபோது முகம் கல்லாக இருந்தது.

"எப்படி?" என்றேன்.

"கெட்டிக்காரன். வார்த்தை அவன் சொன்னபடி கேக்குது. அதனாலதான் கோவம் வருது."

வெள்ளிக்கிழமை பத்திரிகையில் வந்தது. "இரண்டாவது பாட்டிலேயே நண்பன் கொல்லப்படுகிறான். அரை மணி நேரம் அழுகிறார்கள். நண்பனின் தாயைக்கூட அழைத்து வந்து நம் முன்னால் நிறுத்துகிறார். பிறகு? எட்டுப் பாட்டுக்கு ஆட்டம், பகட்டு, வெட்டிச் சண்டை. புதைத்த மண் காயும் முன் அதன் மேலேயே ஆடுகிறார் லெமாயின் டப்ஸ்." இதுதான் அதில் சுடுகிற இடம். மிச்சமெல்லாம் பாராட்டு. பாராட்டை யார் படிக்கிறார்கள்?

அதே வாரம் நியூயார்க் இணையதளம் ஒன்று பத்துக்கு எட்டே முக்கால் கொடுத்துப் பக்கம் பக்கமாக எழுதியது. மிஸ் ஒடெஸாவின் மருமகள் அதைக் காட்டினாள். இரண்டு பத்தி படித்துவிட்டு, "இந்த ஆள் பாட்டக் கேட்டானா, அகராதியக் கேட்டானா?" என்று கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார்.

பிறகு இணையக் கூட்டம் இவர் மேல் பாய்ந்தது. அந்தப் பத்தியைப் படம் எடுத்துப் பரப்பினார்கள். மஞ்சள் பேருந்தின் முகப்பில் இவர் முகத்தை ஒட்டி, "பாட்டி, ரோட்டைப் பாரு" என்று ஒரு படம். பேருந்து பள்ளத்தில் விழுவதுபோல் இன்னொன்று. சிரித்துக்கொண்டே விட்டிருப்பார். ஆனால் ஒரு வரி மட்டும் ஆயிரம் வாயிலிருந்து வந்தது: இந்தம்மா ஆல்பத்தைக் கேட்கவே இல்லை.

"இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு, ரூஃபஸ். எனக்கு ரசனை இல்லன்னு சொல்லட்டும். கிழவின்னு சொல்லட்டும். கேக்கலன்னு சொல்றானுங்களே."

"நான் சாட்சி. எவன் வந்தாலும் சொல்றேன்."

"நீ போய் அந்த இணையத்துக்குள்ள எழுதாத. உன் எழுத்தப் பாத்தா என் கேசு இன்னும் கெடும்."

அந்த வாரத்தில்தான் பொட்டலம் நின்றது. ஜெனீவா காலையில் சமையலறைக் கதவருகே நிற்கிறாராம், பேருந்து வந்ததும் உள்ளே போய்விடுகிறாராம். "உடம்பு சரியில்ல போல" என்றார் மிஸ் ஒடெஸா. அதை அவரே நம்பவில்லை என்று குரலில் தெரிந்தது. இரண்டு வாரம் காரின் டேஷ்போர்டில் ஒன்றும் இல்லை. எனக்கும் பசித்தது, ஆனால் அதைச் சொல்லக் கூடாது என்று தெரிந்திருந்தது.

மூன்றாவது வாரம் ஒரு சனிக்கிழமை காலை லெமாயின் கடைக்கு வந்தான். வண்டி கொண்டுவரவில்லை. அதிலேயே சண்டைக்குத்தான் வந்திருக்கிறான் என்று புரிந்துகொண்டேன்.

"மிஸ்டர் ரூஃபஸ், உண்மையச் சொல்லுங்க. அவங்க கேட்டாங்களா இல்லையா?"

"மூணு தடவை. இதே சீட்ல. கண்ணாடியை ஏத்திக்கிட்டு."

"பொய். ரெண்டாவது பாட்டுல யாருமே சாகலியே! ரெண்டாவது பாட்டு செருப்பு வாங்கறதப் பத்தி. ஒன்பது பாட்டுக்கு அவன் உயிரோட இருக்கான். சிரிக்கிறான், வம்பு பண்றான், கமெண்ட்ல ஒருத்தனோட முட்டிக்கிறான். அந்தச் சண்டை வளந்து வளந்துதான் பத்தாவதுல சுடறாங்க. அதுக்கப்புறம் ஆட்டமும் இல்ல, பாட்டமும் இல்ல. நான் எங்க மண்ணு மேல ஆடினேன்?"

"மிஸ் ஒடெஸா பொய் எழுதுற ஆள் இல்ல. வாடா, உக்காரு. நீயே கேளு."

கேட்கச் சொன்னது நான்தான். அவனை முன்னிருக்கையில் தள்ளி, அதே குச்சியைச் சொருகினேன். முதல் பாட்டு ஓடியது. தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். இரண்டாவது தொடங்கியதும் ஆட்டம் நின்றது. துப்பாக்கிச் சத்தம் இல்லை, அலறல் இல்லை. கைப்பேசி ஒன்று அதிர்ந்துகொண்டே இருக்கும் ஓசை. அவன் மெல்ல என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"இது பத்தாவது பாட்டு" என்றான்.

குச்சியைப் பிடுங்கி, மேஜையில் திரை உள்ள வேறு டெக்கில் போட்டேன். ஒன்று. அடுத்து பத்து. பதினொன்று. பதினேழு வரை போய்விட்டு அப்புறம் இரண்டு, மூன்று.

இந்த மாதிரி டெக்குகளுக்கு எண்ணத் தெரியாது. ஒன்றில் தொடங்குவதெல்லாம் அதற்கு முதலில் வரும். எண்ணாக எழுதினால் பத்தும் பதினேழும் ஒன்றில்தானே தொடங்குகின்றன. இரண்டு அதற்குப் பிறகுதான். ஒற்றை எண்ணுக்கு முன்னால் ஒரு பூஜ்யம் போட்டால் சரியாகிவிடும். வாடிக்கையாளர்களிடம் இதை நூறு முறை சொல்லியிருக்கிறேன். "அதுகூடத் தெரியாதா?" என்று சிரித்தும் இருக்கிறேன். அந்த அவசரத்தில் நானே போடவில்லை.

லெமாயின் கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை. மேஜையில் சாய்ந்துகொண்டு சொன்னான்: "அது டாரியன் பத்தினது, மிஸ்டர் ரூஃபஸ். டாரியன் ஹார்டவே. பேரச் சொல்ல வேணாம்னு அவங்க அம்மா கேட்டாங்க, அதான் சொல்லல. அவனோட போனுக்கு இன்னும் தினமும் சார்ஜ் போடறாங்க. அதனாலதான் அவன் பேருக்குப் பக்கத்துல, ஆள் இருக்கறாப்பல பச்சைப் புள்ளி எரியுது. கடைசிப் பாட்டு அதுதான். நான் அவங்க புள்ள மேல ஆடுறேன்னு பேப்பர்ல வந்தத, ஸ்கூல் கிச்சன்ல யாரோ உரக்கப் படிச்சிருக்காங்க. அவங்க முன்னாடியே."

ஜெனீவா ஹார்டவே.

பையன் போனது எங்களுக்குத் தெரியும். சவ அடக்கத்துக்கு மிஸ் ஒடெஸா போனார், நானும் போனேன். ஆனால் இந்த ஊரில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ஒருத்தியா? பாட்டில் வந்த தாய் எந்தத் தாய் என்று அவருக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

"நான் இத ஊருக்கே சொல்லப்போறேன்" என்றான் லெமாயின்.

"சொல்லு. முதல்ல அவங்களுக்கு நான் சொல்லணும். திங்கக்கிழமை வரைக்கும் பொறு."

பொறுத்தான். அதை அவன் கணக்கில் நல்லதாகவே எழுத வேண்டும்.

திங்கள் ஒன்பதரைக்கு மிஸ் ஒடெஸா வந்தார். நான் சுற்றி வளைக்கவில்லை. டெக்கைக் காட்டினேன், வரிசையைக் காட்டினேன், பையனின் பெயரைச் சொன்னேன், தாயின் பெயரைச் சொன்னேன். தப்பு என்னுடையது என்றேன். அவர் நின்றபடியே கேட்டார். கையிலிருந்த பேருந்துச் சாவியை மட்டும் ஒரு தடவை மேஜையில் வைத்தார், பிறகு எடுத்துக்கொண்டார்.

"அப்போ அவனுங்க சொன்னது சரிதான். நான் கேக்கல."

"கேட்டீங்க. வரிசை மாறி..."

"வரிசை மாறினா அது வேற சாமான், ரூஃபஸ். சரியா போடு."

பூஜ்யம் சேர்த்துப் போட்டேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். கடையில் எந்த இயந்திரத்தையும் நான் ஓடவிடவில்லை. வந்த இரண்டு பேரைப் பிறகு வரச் சொன்னேன். முதல் ஒன்பது பாட்டுக்கு அவர் முகத்தில் சிரிப்புக்கூட வந்தது. நான் வெளியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தாவதில் கை ஸ்டீயரிங்கைப் பிடித்தது. ஓடாத வண்டியின் ஸ்டீயரிங்கை, பேருந்தில் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கடைசி வரை உட்கார்ந்திருந்தார். பதினேழாவது பாட்டின் முடிவில் ஒரு சின்னச் சத்தம் வரும். சார்ஜர் சுவரில் சொருகும் சத்தம். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததையும் வெகுநேரம் கேட்டார்.

செவ்வாயும் கேட்டார். புதனும் கேட்டார். மூன்று தடவை.

பத்திரிகையின் இப்போதைய ஆசிரியர் கெல்லி நல்ல மனிதர். தொலைபேசியில் அவர் சொன்னது எனக்கும் கேட்டது. "மேம், பேப்பர் குப்பைக்குப் போயாச்சு. இணையத்துல இருக்கறத மட்டும் சத்தமில்லாம எடுத்துடறேன். ஒரு வாரத்துல எல்லாரும் மறந்துடுவாங்க."

"எடுக்காத. அது அங்கயே கெடக்கட்டும். பக்கத்துல நான் எழுதறதையும் போடு. ரெண்டையும் சேத்துப் பாக்கட்டும்."

எழுதியதை அனுப்பும் முன் என்னிடம் காட்டினார். அதுவரை அவர் அப்படிக் காட்டியதில்லை. "மூன்று வாரம் முன்பு இதே இடத்தில் நான் எழுதியது தப்பு. நான் கேட்டது லெமாயின் டப்ஸ் செய்த ஆல்பத்தை அல்ல" என்று தொடங்கியது. எப்படித் தப்பு நடந்தது என்று நான்கு வரியில் இருந்தது. பிறகு இப்படி: "நான் பேருந்து ஓட்டுகிறவள். வழித்தடப் பலகையைப் பார்க்காமல் வண்டியை எடுத்தால் பிள்ளைகள் தெரியாத தெருவில் இறங்குவார்கள். நான் பலகையைப் பார்க்கவில்லை. ஒரு தாய் தெரியாத தெருவில் இறக்கிவிடப்பட்டார். அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்."

"என் பேரு எங்க?" என்றேன்.

"எதுக்கு?"

"பூஜ்யம் போடாதது நான்."

"உன் பேரப் போட்டா உன் கடைக்கு விளம்பரம். அந்த வேலை இங்க நடக்காது. கையெழுத்துப் போட்டது நான், ரூஃபஸ். பாக்க வேண்டியதும் நான்."

மிச்சத்தைப் படித்தேன். ஆல்பத்தைப் புகழ்ந்துதான் எழுதியிருந்தார். நாம் சிரிக்கும்போதே நம்மைக் குற்றவாளியாக்கி விடுகிறார், ஒன்பது பாட்டுக்கு நாமும் கைப்பேசியைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டுதான் இருந்தோம் என்று பத்தாவதில் தெரிகிறது என்று ஒரு வரி. நியூயார்க்காரர் பக்கம் பக்கமாகச் சொல்லாததை அது சொல்லிவிட்டது. ஆனால் கடைசிப் பத்தியில், ஐந்தாவது பாட்டும் ஆறாவது பாட்டும் வேண்டாதவை, ஆல்பம் அங்கே பத்து நிமிடம் உட்கார்ந்துவிடுகிறது என்று இருந்தது.

"இத எடுத்துடுங்களேன்" என்றேன். "இந்தத் தடவ மட்டும்."

"ஏன்?"

"மன்னிப்பும் கேட்டுட்டு..."

"மன்னிப்பு மனுஷங்களுக்கு. இது பாட்டுக்கு."

வெள்ளிக்கிழமை அது பத்திரிகையில் வந்தது. இணையக் கூட்டம் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. கொஞ்சம் பேர் சிரித்தார்கள், கொஞ்சம் பேர் புகழ்ந்தார்கள், மற்றவர்கள் பழைய பத்தியின் படத்தையே பரப்பிக்கொண்டிருந்தார்கள். அது இன்னும் சுற்றுகிறது, பேருந்துப் படமும் சுற்றுகிறது. எங்கள் காலம் முடிந்த பிறகும் சுற்றும். லெமாயின் வந்தான். பத்திரிகையை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தான்.

"அஞ்சும் ஆறும் வேணாம்னுட்டாங்க" என்றான்.

"சரியா, தப்பா?"

காது மடலைத் தேய்த்தான். "அஞ்சு சரி. ஆறு நான் ஒத்துக்க மாட்டேன்." போகும்போது திரும்பி, "மூணு தடவையா?" என்று கேட்டான்.

"மொத்தம் ஆறு தடவை."

ஜெனீவாவிடமிருந்து ஒன்றும் வரவில்லை. மிஸ் ஒடெஸா நேரில் போகவில்லை. கதவைத் தட்டிப் போய் நின்றால், மன்னிக்கும் வேலையையும் அவள் தலையில் கட்டினதாகும் என்றார். பேருந்தை வழக்கமான இடத்தில் நிறுத்துவார், பிள்ளைகள் இறங்குவார்கள், கதவை மூடுவார். ஐந்து வாரம்.

ஆறாவது வாரம் ஒரு வியாழக்கிழமை, பிள்ளைகள் எல்லாம் இறங்கிய பிறகு, ஜெனீவா சமையலறை வாசலிலிருந்து நடந்து வந்து பேருந்துக்குள் ஏறினார். ஜன்னலுக்கு வரவில்லை, படியேறி வந்தார். மிஸ் ஒடெஸா எனக்குச் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன்.

"படிச்சேன்" என்றாராம் ஜெனீவா.

"சரி" என்றாராம் இவர்.

"ஆறாவது பாட்டுல பின்னால ஒருத்தன் சிரிப்பான், கேட்டியா?"

"கேட்டேன்."

"அது டாரியன். லெமாயின் எப்பவோ போன்ல புடிச்சு வச்சிருந்தான். அத வேணாம்னு எழுதிட்ட."

மிஸ் ஒடெஸா எஞ்சினை அணைத்தாராம். ஜெனீவா விடவில்லை.

"போன தடவை தப்புன்னு மாத்தி எழுதினியே. இதையும் மாத்துவியா? நல்லா இருக்குன்னு எழுதுவியா?"

"சிரிப்பு நல்லா இருக்கு, ஜெனீவா. பாட்டு நல்லா இல்ல."

ஜெனீவா முதல் இருக்கையில் உட்கார்ந்தாராம். ஏப்ரன் பைக்குள் கையை விட்டு அந்தக் கைப்பேசியைப் பிடித்தபடி, காலிப் பேருந்தின் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தாராம். பிறகு, "மாத்தறேன்னு சொல்லியிருந்தா, அந்த மன்னிப்பையும் சும்மா எழுதினேன்னு நெனச்சிருப்பேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாராம். அவ்வளவுதான்.

வெள்ளியன்று ஒன்பதரைக்கு மஞ்சள் பேருந்து எதிரே நின்றது. மிஸ் ஒடெஸா உள்ளே வந்து காரில் உட்கார்ந்தார், கைப்பேசியை என் மேஜையில் வைத்தார். டேஷ்போர்டில் மெழுகுத்தாளைப் பிரித்தார். பன் ஆறிப்போயிருந்தது. இரண்டாகப் பிய்த்தார். பாதி சரியாக வரவில்லை, ஒன்று பெரிதாகப் போய்விட்டது. பெரியதை என் பக்கம் தள்ளிவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

அன்றைக்குக் கேட்க இருந்தது வேறொரு பையனின் ஆல்பம், பன்னிரண்டு பாட்டு. குச்சியை அவரிடம் கொடுக்கும் முன் மேஜை டெக்கில் போட்டு, ஒவ்வொரு எண்ணாக நான் பார்த்திருந்தேன்.